ஹலாலும் சரக்குப் போக்குவரத்தும்

உணவை எப்படிச் சமைப்பது, யார் கையால் உண்பது என்பன பற்றி நம் நாட்டில் சாஸ்திரங்கள் பலவுண்டு, சம்பிரதாயங்கள் பலவுண்டு, சச்சரவுகளும் பலவுண்டு. ஆனால் அவ்வுணவு எந்த வண்டியில் வந்தது, எந்தக் கிடங்கில் கிடந்தது, அதற்கு முன் அந்த வண்டியில் ஏற்றப்பட்ட சரக்கு என்ன என்று கேட்பவர் அநேகமாக இல்லை. கடல் கடந்த சில நாடுகள் இப்போது இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. கேட்பதோடு நில்லாமல், தக்க பதில் கிடைக்காவிடில் சரக்கை வாங்குவதற்கில்லை என்றும் சொல்கின்றன. ஹலால் என்னும் விதி இறைச்சிக் கூடத்தை விட்டு வெளியே வந்து, லாரியிலும் கிடங்கிலும் கப்பல் பெட்டியிலும் ஏறிவிட்டது. இது முஸ்லிம் சகோதரர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று கருதி மற்றவர்கள் வாளாவிருப்பது தகாது என்பது நமது அபிப்பிராயம்.

சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள ஒலக்கூரை எடுத்துக்கொள்வோம். ரயில் பாதையும் தெற்கே செல்லும் பெருஞ்சாலையும் அவ்வட்டாரத்தின் ஊடே செல்கின்றன. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் சரக்கும், அங்கிருந்து தென்னாட்டுக்கு வரும் சரக்கும் இரவும் பகலும் அவ்வழியே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் அவ்வூர்க் குடியானவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் லாரிகளின் இரைச்சலும் புழுதியுமே. சமீப காலத்தில் இந்நிலை சற்று மாறுமென்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது. திண்டிவனத்தையடுத்து சிப்காட் நிறுவனம் உணவுத் தொழில்களுக்கென்றே ஒரு பூங்காவை அமைத்து வருகிறது. அங்கே ஆலை நிறுவுவதற்கு டாபர் கம்பெனியார் 2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஆலைகள் வந்தால் கிடங்குகள் வரும். கிடங்குகள் வந்தால் லாரிகள் நிற்கும். லாரிகள் நின்றால் ஊராருக்கு வேலை கிடைக்கும். அந்த ஆலைச் சரக்கு எந்தெந்த நாட்டுக்குப் போகக்கூடும், அந்நாடுகள் என்ன கேட்கின்றன என்பதை இப்போதே அறிந்துகொள்வது புத்திசாலித்தனமல்லவா?

ஹலால் என்றால் என்ன? மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது என்பது பொருள். தமிழ் முஸ்லிம்கள் இதை 'ஆகுமானது' என்று அழகிய தமிழில் சொல்லி வருகிறார்கள். விலக்கப்பட்டது ஹராம். பன்றி இறைச்சி, இரத்தம், தானே செத்த பிராணி, மது ஆகியவை விலக்கு. ஆகுமான பிராணியையும் இறைவன் பெயர் சொல்லி, விதிப்படி அறுக்கவேண்டும். இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் அறியாத சொல் ஒன்றுண்டு, அது 'தய்யிப்'. தூய்மையானது, நல்லது, கேடற்றது என்பது அதன் கருத்து. ஆகுமானதாக இருந்தால் மட்டும் போதாது, நல்லதாகவும் இருக்கவேண்டும் என்று இஸ்லாமிய மார்க்கம் இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறது. முறைப்படி அறுத்த ஆட்டின் இறைச்சியைக் குளிர் வசதியில்லாத வண்டியில் அரை நாள் போட்டுவைத்து அழுக விட்டால், அறுத்த முறையைக் காட்டி அதை நல்ல உணவென்று சொல்ல இயலாது.

சரக்கு ஏற்றுமதியில் இவ்விதி எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைச் சற்று விளக்குவோம். அசுத்தம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்பது மார்க்க அறிஞர்களின் கொள்கை. அசுத்தத்தை அவர்கள் 'நஜீஸ்' என்கிறார்கள். நமது கடற்கரை மரைக்காயர்களும் மலேசிய, இந்தோனேசிய முஸ்லிம்களும் பின்பற்றும் ஷாபி மத்ஹபில், நஜீஸ் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பன்றியும் நாயும் சம்பந்தப்பட்டது மிகக் கடுமையானது. அது பட்ட இடத்தை ஏழு முறை கழுவவேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். ஆகவே, நேற்றுப் பன்றி இறைச்சி ஏற்றிய குளிர் லாரியில் இன்று ஆட்டிறைச்சியை ஏற்றினால், அறுத்தவர் எவ்வளவு கவனமாக அறுத்திருந்தாலும் பயனில்லை. மேல் தட்டில் ஒரு பெட்டியும் கீழ்த் தட்டில் ஒரு பெட்டியும் வைத்து, மேலிருந்து நீர் சொட்டினாலும் அவ்வாறே. விலக்கப்பட்ட சரக்கைத் தூக்கிய அதே கையுறையோடும் அதே பலகையோடும் அடுத்த சரக்கைத் தொட்டாலும் சந்தேகம் எழும். அறுப்பிடத்தில் காப்பாற்றிய தூய்மையை வழியில் இழப்பது, குடம் நிறைய நீர் மொண்டு ஓட்டைக் குடத்தில் ஊற்றுவது போலாகும்.

இக்காரணத்தினால்தான் மலேசிய சர்க்கார் 2010ஆம் ஆண்டில் எம்.எஸ். 2400 என்னும் தர விதிகளை வெளியிட்டனர். அவை மூன்று பகுதிகளாக அமைந்தன: முதலாவது வண்டிப் போக்குவரத்து, இரண்டாவது கிடங்கு, மூன்றாவது சில்லறைக் கடை. 2019இல் அவை திருத்தி வெளியிடப்பட்டன. அவற்றின் சாரம் கடினமானதன்று. சரக்கு எங்கெங்கே கெடக்கூடும் என்று முன்கூட்டியே கணித்து, அவ்விடங்களில் காவல் வைக்கவேண்டும். ஆகுமான சரக்கையும் ஆகாத சரக்கையும் தனித்தனியே வைக்கவேண்டும். வண்டியும் பெட்டியும் கழுவப்பட்டதற்குக் கணக்கு எழுதவேண்டும். முத்திரை உடைந்தால் அதை மறைக்காமல் பதிய வேண்டும். ஒரு மூட்டையைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், புறப்பட்ட இடம் வரையில் பின்னோக்கிச் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். வேலையாட்களுக்கு இவற்றைக் கற்பிக்கவேண்டும். ஜப்பானிய நிப்பான் எக்ஸ்பிரஸ் கம்பெனி மலேசியாவில் இத்தகைய சான்றைப் பெற்றுச் சரக்கு ஏற்றுகிறது. ஜப்பானியர் இதற்காக மதம் மாறவில்லை. வியாபாரத்தைக் கண்டார்கள், விதியைக் கற்றார்கள், வேலையைச் செய்தார்கள்.

இந்தோனேசியா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அந்நாட்டின் 2014ஆம் வருஷத்து 33ஆவது சட்டம், சந்தையில் விற்கும் பொருள்களுக்கு ஹலால் சான்றைக் கட்டாயமாக்கியது. உணவுப் பண்டம் மட்டுமல்ல. அதைச் சேமித்து வைப்பது, பொதி கட்டுவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆகிய சேவைகளும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. உணவும் பானமும் விற்கும் பெரிய, நடுத்தரத் தொழில்களுக்கு 2024 அக்டோபர் 17 கெடு. சிறு தொழில்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கும் 2026 அக்டோபர் 17 வரை தவணை என்று ஏற்பாடாயிற்று. உலகிலேயே அதிக முஸ்லிம் ஜனத்தொகை கொண்ட நாடு அது. நமது தென்னார்க்காட்டுக்கு அது அந்நியமான நாடுமன்று. இந்தியாவிலிருந்து வெளியே போகும் மணிலாக் கொட்டைக்கு முக்கியமான வாடிக்கை நாடுகளில் ஒன்று. ஒலக்கூர்க் குடியானவன் 'மல்லாட்டை' என்று சொல்லும் அதே கொட்டைதான். தோல் நீக்காத கொட்டைக்கும் பச்சைப் பயிருக்கும் சான்று தேவையில்லை. அவை இயல்பாகவே ஆகுமானவை. ஆனால் அதே கொட்டையை வறுத்து, மசாலா தடவி, பொட்டலம் கட்டி அனுப்பும்போது கேள்வி பிறக்கிறது. எந்த எண்ணெய், எந்த மசாலா, எந்த ஆலை, எந்த வண்டி என்று வரிசையாகக் கேட்பார்கள். மூலப் பொருளை மட்டும் விற்று ஏழையாக இருப்பதா, பண்டமாக்கி விற்று இலாபத்தை இங்கேயே நிறுத்துவதா என்பது நமது பழைய சுதேசிக் கேள்வி. பண்டமாக்கி விற்பதென்றால், வாங்குகிறவன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

தய்யிப் என்னும் சொல்லின் அருமையையும் இங்கே காணலாம். ஈரம் போகாமல் மூட்டை கட்டிய மணிலாக் கொட்டையில் பூஞ்சை பிடித்து, அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. நமது கொட்டை வெளிநாட்டில் நிராகரிக்கப்படுவதற்கு அது பெருங்காரணம். காற்றோட்டமுள்ள கிடங்கும், நனையாத தார்ப்பாயும், தரையில் படாத அடுக்கும் இருந்தால் அந்நஷ்டத்தில் பெரும்பகுதி தவிரும். மார்க்க விதி கேட்கும் சுத்தமும் வைத்தியன் கேட்கும் சுத்தமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

இந்திய சர்க்காரும் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. ஏற்றுமதியாகும் இறைச்சிக்கு ஹலால் என்று பெயரிட வேண்டுமானால், இந்தியத் தர மன்றத்தின் திட்டப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பின் சான்று இருக்கவேண்டுமென்று 2023 ஏப்ரலில் வெளிநாட்டு வியாபார இலாகா உத்தரவிட்டது. 2024 அக்டோபரில் அவ்விதி 15 நாடுகளுக்குப் போகும் இறைச்சி சம்பந்தமாக வரையறுக்கப்பட்டது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகியவை அவற்றுள் அடங்கும். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இவ்வுத்தரவு பேசுவது அறுப்பது, பதனிடுவது, பொதி கட்டுவது ஆகிய கட்டங்களைப் பற்றியே. ஆலை வாசலைத் தாண்டியபின் துறைமுகம் வரையில் நேருவதைக் கவனிக்க அதில் வழியில்லை. அந்தப் பெருவழியில்தான் ஒலக்கூர் இருக்கிறது.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். 'இது மத வேற்றுமையைச் சரக்கிலும் புகுத்துவதாகாதா? அந்நிய ஆட்சிக் காலத்தில் ரயில் நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்று பானை வைத்தார்களே, அது மீண்டும் வருவதா?' என்று சில தேசபக்தர்கள் கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது, ஆகையால் நேர்மையான பதிலுக்கும் உரியது. அந்தப் பானைகளை நாம் மறக்கவில்லை. தென்னாட்டு ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று தனியிடம் இருந்ததையும், அது கிளர்ச்சிக்குப் பின் 1941இல் ஒழிந்ததையும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கொடுமை எங்கே இருந்தது? மனிதனை மனிதனிடமிருந்து பிரித்ததில் இருந்தது. ஒருவன் தொட்டால் நீர் கெடும் என்றதில் இருந்தது. ஹலால் விதி கேட்பது அதுவன்று. வண்டி ஓட்டுகிறவன் யார், மூட்டை தூக்குகிறவன் எந்த ஜாதி என்று அது கேட்பதில்லை. பொருளோடு பொருள் கலவாமல் இருக்கட்டும் என்கிறது. சைவ ஓட்டலில் தனிப் பாத்திரம் கேட்பதும், ஜைனர் வேர்க்காய் விலக்கி உண்பதும் எவ்வளவு குற்றமோ அவ்வளவுதான் இதுவும் குற்றம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை உரக்கச் சொல்லுவோம். ஹலால் சரக்கு என்ற காரணத்தைக் காட்டி, முஸ்லிமல்லாத டிரைவருக்கோ சுமை தூக்குவோருக்கோ எந்த முதலாளியாவது வேலை மறுப்பாரானால், அவர் மார்க்கத்தையும் மீறுகிறார், நாட்டின் சட்டத்தையும் மீறுகிறார். அறுப்பவருக்கும் மேற்பார்வையாளருக்கும் மார்க்கத் தகுதி வேண்டியிருக்கலாம். லாரிக்கும் கிடங்குக்கும் வேண்டியது சுத்தமும் ஒழுங்குமே. பானையை வேறு உருவத்தில் கொண்டு வருகிறவர் எவராயினும், அவரை எதிர்ப்பதில் நாம் முன்னால் நிற்போம்.

இரண்டாவது ஆட்சேபம்: 'ஹலால் சான்று என்பது ஒரு சமூகம் மற்றொரு சமூகத்தின்மீது விதிக்கும் வரி' என்பது. உத்தரப் பிரதேச சர்க்கார் 2023 நவம்பர் 18ஆம் தேதி, ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களைத் தயாரிப்பதையும் சேமிப்பதையும் விற்பதையும் தங்கள் மாகாணத்தில் தடை செய்தனர். ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு அளித்தனர். இத்தடையை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்கும் தொடரப்பட்டது. அந்நியன் உண்பதற்கு ஹலால் நல்லது, நம் நாட்டு முஸ்லிம் உண்பதற்கு ஆகாது என்பது என்ன நியாயமோ நமக்கு விளங்கவில்லை. வெளிநாட்டு நாணயத்துக்காக ஒப்புக்கொள்ளும் ஒன்றைச் சொந்தப் பிரஜைக்கு மறுப்பது சுயராஜ்யத்துக்கு அழகன்று. நம் நாட்டில் பச்சைப் புள்ளியிட்ட பொட்டலத்தைப் பார்த்துச் சைவ உணவு என்று நம்பி வாங்குகிறோம். ஒரு பண்டத்தில் சேர்ந்திருக்கும் பொருள் தாவரத்திலிருந்து வந்ததா, பிராணியிலிருந்து வந்ததா என்று முழுமையாக வெளியிட வேண்டுமென்று 2021 டிசம்பரில் டில்லி ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது. தான் உண்பது இன்னதென்று அறியும் உரிமை சைவனுக்கு உண்டென்றால், முஸ்லிமுக்கும் உண்டு.

அண்டை நாட்டு அனுபவமும் நமக்குப் பாடமாகும். இலங்கையில் 2013ஆம் ஆண்டு பொதுபல சேனை என்னும் அமைப்பு ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தது. அதுவரை சான்று வழங்கி வந்த ஜமியத்துல் உலமா, அவ்வாண்டு மார்ச்சில் உள்நாட்டுச் சரக்கில் முத்திரை வேண்டாமென்று விட்டுக்கொடுத்தது. பின்னர் அப்பணி தனியான ஒரு நிறுவனத்துக்கு மாறியது. விட்டுக்கொடுத்ததனால் சமாதானம் வந்ததா? 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பொட்டலத்தின்மேல் இருந்த முத்திரையைப் பற்றி ஆரம்பித்த பகை பொட்டலத்தோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டில் அந்தத் தீயைக் கொண்டுவந்து வைக்க எவருக்கும் இடங்கொடுத்தல் ஆகாது.

ஆயினும் வரி என்ற குற்றச்சாட்டில் ஓர் உண்மைத் துளி இருக்கிறது. அதை மறைப்பது நமது வழக்கமன்று. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு அமைப்பின் சான்றையே ஏற்கிறது. ஒன்றை ஒன்று ஒப்புவதில்லை. ஒரே சரக்குக்கு இரண்டு மூன்று சான்று வாங்கும்படி நேருகிறது. பெரிய கம்பெனிக்கு அது ஒரு சிறு செலவு. இரண்டு லாரி வைத்துப் பிழைப்பவனுக்கு அது வருஷ இலாபம். உண்ணும் பண்டத்துக்கு அவசியமான சான்றைச் சம்பந்தமில்லாத பொருள்களுக்கெல்லாம் ஒட்டி விற்பதும் சரியன்று. மேலும், காகிதம் மட்டும் உண்மையைக் காத்துவிடாது. மலேசியாவிலேயே, 2020 டிசம்பரில் ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு கிடங்கைச் சோதனையிட்டபோது, இறக்குமதியான உறைந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை ஒட்டப்பட்ட மோசடி வெளியாயிற்று. அறுப்பிடத்தில் அன்று, கிடங்கில்! வழியைக் காவாமல் முடிவைக் காக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நமது சரித்திரமும் இதையே சொல்லுகிறது. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒன்றுகூடி எழுந்ததற்குக் காரணமாயிருந்தவற்றில் ஒன்று, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை. 1857இல் வடநாடு கொதித்ததற்குக் காரணமானவற்றில் ஒன்று, பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவியதாகச் சொல்லப்பட்ட தோட்டா. இரண்டிலும் கம்பெனி அதிகாரிகள் செய்த பெரும் பிழை என்ன? இன்ன பொருளால் செய்தது என்று சொல்லவேண்டிய கடமை தங்களுக்கில்லை என்று எண்ணியதே. அணிகிறவனுக்கும் வாயில் வைத்துக் கடிக்கிறவனுக்கும் மனச்சாட்சி ஒன்றுண்டு என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பரதேசி அதிகாரி மதியாததைச் சுதந்திர நாட்டு வியாபாரி மதிக்கவேண்டாமா?

ஆகவே செய்யவேண்டியவை எவை? முதலாவது, சான்று விருப்பத்தின்பேரில் அமையவேண்டும்; எவர்மீதும் சுமத்தலாகாது, எவருக்கும் தடுக்கவுமாகாது. இரண்டாவது, எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்பது மார்க்க அறிஞர்களின் வேலை. சொன்னபடி நடக்கிறதா, கட்டணம் நியாயமா, முத்திரை உண்மையா என்று பார்ப்பது சர்க்காரின் வேலை. ஒன்று மற்றொன்றில் தலையிடலாகாது. மூன்றாவது, இறைச்சிக்கு வகுத்த திட்டத்தை வண்டிக்கும் கிடங்குக்கும் விரித்து, வாங்கும் நாடுகளுடன் பேசி, இந்தியச் சான்று ஒன்றே போதுமென்று ஒப்பச் செய்யவேண்டும். நான்காவது, சிறு லாரிக்காரர்கள் கூட்டுறவு முறையில் சேர்ந்து சான்று பெறவும், கழுவும் நிலையம் ஒன்றைப் பொதுவாக அமைத்துக்கொள்ளவும் உதவவேண்டும். ஒலக்கூர், திண்டிவனம் வட்டாரத்தில் பெருஞ்சாலையோரமாக நல்ல நீரும், கழிவுநீர் வயலில் பாயாதபடி வடிகாலும் உள்ள ஒரு கழுவும் நிலையம் அமைந்தால், ஹலால் சரக்குக்கு மட்டுமா பயன்? பாலுக்கும் காய்கறிக்கும் மருந்துக்கும் பயன்.

ஐந்தாவது, தொழிலாளரின் விஷயம். குளிர் லாரியில் டீசல் மிச்சம் பிடிப்பதற்காக வழியில் குளிர் யந்திரத்தை நிறுத்திவிட்டு, சேருமிடத்துக்குச் சற்று முன் மறுபடி ஓட்டும் தந்திரம் சிலரிடம் உண்டு. திரும்பிப் போகும்போது வெறும் வண்டியாகப் போகக்கூடாதென்று கிடைத்த லோடையெல்லாம் ஏற்றுவதும் உண்டு. டிரைவரை மட்டும் இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுக்கும் வாடகையில் டீசலுக்கும் கழுவுவதற்கும் இடமில்லையானால், கணக்குப் புஸ்தகத்தில் 'கழுவியாயிற்று' என்று எழுதப்படும், வண்டி கழுவப்படாது. சுத்தத்தைக் கேட்கிறவர் சுத்தத்தின் விலையையும் கொடுக்கவேண்டும். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த 2011 விதிகளும் உணவு ஏற்றும் வண்டிக்காரரையும் கட்டுப்படுத்துகின்றன. அவற்றைச் செம்மையாக நடத்தினாலே தய்யிப் என்னும் பாதி நிறைவேறிவிடும்.

முஸ்லிம் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை: முத்திரையை விற்பனைத் தந்திரமாக மட்டும் கருதாதீர்கள். முத்திரையின் மதிப்பு உங்கள் கிடங்கின் கடைசி மூலை வரையில் போகவேண்டும். மற்ற தேசபக்தர்களுக்கு ஒரு வார்த்தை: அரபுச் சொல்லைக் கேட்டவுடன் மிரளாதீர்கள். கலப்படமற்ற உணவு, பொய்யற்ற முத்திரை, கணக்குள்ள பயணம் ஆகிய மூன்றும் எந்தப் பாஷையில் சொன்னாலும் தர்மமே. தமிழ்நாட்டுச் சரக்கைத் தமிழ்நாட்டு வண்டி ஏற்றி, இந்து ஓட்டி, முஸ்லிம் சான்றளித்து, கிறிஸ்தவர் கப்பலேற்றி, மலேசியாவில் நம் தமிழ்ச் சகோதரன் இறக்குவானானால், அதைவிடச் சிறந்த தேச ஐக்கியப் பிரசாரம் வேறென்ன இருக்கிறது? பெருஞ்சாலை நம் வாசல் வழியே போகிறது. அதில் போகும் சரக்கில் நமக்கும் பங்கும் பொறுப்பும் உண்டென்று விழுப்புரம் ஜில்லாப் பிரமுகர்களும், லாரிச் சங்கத்தாரும், சென்னை சர்க்காரும் உணர்ந்து, காலம் தாழ்த்தாமல் காரியத்தில் இறங்குவார்களென்று எதிர்பார்க்கிறோம்.